ட்ரெவாலனைக் கீழே இறக்குவது யார்?

நெஸ்டாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ட்ரெவாலன் கிளப் கீழே இறங்க வேண்டும். நாசமாய்ப் போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு விழுந்தால் போதும். அவளுடைய பென்லூர் கிளப் அங்கேதான் வருஷக்கணக்காகக் குடியிருந்தது.

பென்லூரும் ட்ரெவாலனும் வேல்ஸ் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த ஊர்கள். நடுவே ஒரு பாலம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டு ஊரும் மோதும் ரக்பி ஆட்டம் இருந்ததே, அதற்காகவே லண்டனிலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். மாமியார் வீட்டு விருந்தைக்கூடத் தள்ளிப் போடுவார்கள். ட்ரெவாலன்காரர்கள் முதல் பிரிவுக்கு ஏறிப் போனார்கள், எல்லாம் போச்சு. இப்போது அந்த நாளில் பென்லூர் மைதானத்துக்கு எங்கோ கடலோரத்திலிருந்து ஓர் அணி வருகிறது. பார்க்க நாலு கிழவர்களும் ஒரு நாயும். அந்த நாயும் இடைவேளையில் கிளம்பிவிடும். பென்லூரின் செயலாளர் நெஸ்டாதான். காலி மைதானத்தைப் பார்க்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மே மாத லீக் கமிட்டிக் கூட்டத்தில் அவளுடைய ஆசை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. முதல் பிரிவின் கடைசி ஆட்டம் அபர்நெல்லுக்கும் ட்ரெவாலனுக்கும். தோற்பவர் கீழே போக வேண்டும். ஆட்டத்தில் அபர்நெல் இரண்டே புள்ளி முன்னால் இருந்தது. முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது பாருங்கள், ரெஃப்ரிக்குத் தன் கையே தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்த ஸ்கோர் செல்லும் என்றால் ட்ரெவாலன் கீழே. ஆட்டமே செல்லாது என்றால் அந்த வருஷம் அதுவரை சேர்ந்த லீக் புள்ளிக் கணக்குப்படி அபர்நெல் கீழே. எது என்று கமிட்டிதான் சொல்ல வேண்டும்.

அந்த லீக்கில் ஒரு வழக்கம். தனக்குச் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் உறுப்பினர் எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, கூப்பிடும்வரை டீ போட வேண்டும். ட்ரெவாலனின் ஹேடனும் அபர்நெல்லின் கெத்தினும் முறைப்படி எழுந்து போனார்கள். ஹேடன் நெஸ்டாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். போகும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவர் எம்ரிஸ் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லிடறேன். ஆட்டத்தை நிறுத்தின ரெஃப்ரி என் மச்சான். நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிடக் கூடாது பாருங்க." அவரும் எழுந்து சமையலறைக்குப் போனார்.

கசாப்புக்கடை ஓவன் நெளிந்தார். "அப்ப நானும் போகணுமே. அபர்நெல் கிளப்புக்கு இறைச்சி அடைச்ச பை பலகாரம் போடறது நான்தான்."

"பைக்கும் நியாயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றாள் டெலித் டீச்சர்.

"உனக்குச் சம்பந்தம் இல்லையாக்கும்? உன் பொண்ணு கட்டிக்கப் போறது ட்ரெவாலன் பையனைத்தானே?"

"அது இன்னும் பேச்சளவுலதான் இருக்கு!"

"மோதிரத்தைப் போட்டுக்கிட்டு என் கடைக்கே வந்து நின்னாளே, அது பேச்சா?"

டெலித் விருட்டென்று எழுந்தாள். யோக்கியத்தில் ஓவனுக்குத் தான் ஒரு படி குறைந்துவிடக் கூடாது என்று அவரை முந்திக்கொண்டு போனாள். ஓவனும் பின்னாலேயே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அறையில் நெஸ்டா மட்டும் இருந்தாள். அவள் கிளப் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவளுக்கு என்ன சம்பந்தம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடடா, பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்! நெஸ்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தலைவர் அவர்களே," என்றாள் காலி நாற்காலியிடம். "அந்த ஸ்கோர் செல்லும்னு முன்மொழியறேன்." பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, தானே வழிமொழிந்தாள். "ஆதரவு தெரிவிக்கிறவங்க கையைத் தூக்கலாம்." தன் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. சமையலறையில் ஹேடன் எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். பயந்துபோனால்தான் அவன் இப்படித் தமாஷ் பண்ணுவான் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் இதே சிரிப்புதான். பை விற்கிறவரே எழுந்து போயிருக்கிறார், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நெஸ்டாவுக்கு உறைத்தது. "சீ, என்ன பிழைப்பு இது!" என்று தன்னையே வைதுகொண்டு கையை இறக்கினாள். அவளும் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஐந்து பேரும் டீக் கோப்பையோடு நெருக்கியடித்து நின்றார்கள்.

"முடிஞ்சுதா?" என்றான் ஹேடன்.

"இல்ல. நானும் இங்க வந்துட்டேன். எனக்கும் சம்பந்தம் இருக்கு. ட்ரெவாலன் இறங்கினா எங்க டிசம்பர் ஆட்டம் திரும்ப வரும். அதுக்காகவே உங்களைக் கீழ தள்ளப் பார்த்தேன்."

எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"அப்ப உள்ள யாரு இருக்கா?" என்றார் எம்ரிஸ்.

"நாற்காலிங்க இருக்கு."

"அடிப் பாவி!" என்று கத்தினான் கெத்தின். "நீ வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் பொழச்சிருப்பேனே!"

ஓவன் வெல்ஷ் கேக்கை மென்றுகொண்டே யோசித்தார். "எல்லாருக்கும் சம்பந்தம்னா யாருக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்? இங்கயே பேசி முடிச்சிடலாம்."

எம்ரிஸுக்கு அது பிடித்துப்போயிற்று. டீக் கெட்டிலைக் கரண்டியால் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். டெலித்தான் வழி சொன்னாள். மிச்ச நிமிடங்களை வரும் சனிக்கிழமை ஆடிவிடுவது, விட்ட இடத்திலிருந்து, அதே ஸ்கோரோடு.

"ஒரு நிபந்தனை," என்றான் ஹேடன். "பனி இறங்கினப்ப மைதானத்துல நின்ன அதே பதினஞ்சு பேருதான் ஆடணும். இல்லாட்டி இவன் கார்டிஃபிலேர்ந்து எவனாவது பயில்வானைக் கூட்டிட்டு வந்துடுவான்."

"சரி, அப்படியே ஆகட்டும்," என்றான் கெத்தின். அவன் சொன்ன வேகத்தைப் பார்த்து நெஸ்டாவுக்கே சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை பள்ளத்தாக்கே திரண்டு வந்துவிட்டது. ஐந்து நிமிட ஆட்டத்துக்கு ஓவன் இரண்டு பெட்டி பை கொண்டுவந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே விற்றுத் தீர்த்தார். பழைய இடத்தில் இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்து ஸ்க்ரம் கட்டி, முட்டி மோதி, சேற்றில் புரண்டு, கடைசி மூச்சில் ட்ரெவாலனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு நேர் எதிரே. உதைத்து மேலே தாண்டவிட்டால் மூன்று புள்ளி, ட்ரெவாலன் பிழைத்துவிடும். மைதானத்துக்கு வெளியே நின்ற ஹேடன் துள்ளிக் குதித்தான்.

"கிரிஃப்! எங்கடா போன? வந்து உதை!"

"இங்கதான் நிக்கிறேன்," என்றான் அவர்களுடைய உதைகாரன் கிரிஃப், ஹேடனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கோட்டும் தொப்பியுமாக. "பனி வர்றதுக்கு முன்னாடியே புருவம் கிழிஞ்சு வெளிய வந்துட்டேனே. அதே பதினஞ்சு பேருன்னு நீங்கதானே கறாரா சொன்னீங்க?"

மைதானத்தில் நின்ற பதினைந்து பேரும் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள். யாரும் முன்வராததால் ஸ்க்ரம்மில் முட்டுக்கொடுக்கும் பிரின் கை தூக்கினான். நூற்றிருபது கிலோ ஆள். பந்தை இதுவரை கையால் மட்டுமே தொட்டவன். ஓடிவந்து ஓங்கி உதைத்தான். பந்து மேலே எழவே இல்லை. விரட்டிய கோழி மாதிரி தரையோடு தரையாக ஓடிக் கோட்டைத் தாண்டியது. ரெஃப்ரி விசில் ஊதினார்.

அபர்நெல்காரர்கள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. நெஸ்டாவும் கத்தத்தான் வந்திருந்தாள். ஆனால் ஈரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்ட ஹேடனின் பக்கத்தில் போய் அவளும் உட்கார்ந்தாள்.

"இப்ப சந்தோஷமா?" என்றான் அவன்.

"தெரியலடா."

"அன்னிக்கு உள்ளேயே கையைத் தூக்கியிருந்தா உன் காரியம் முடிஞ்சிருக்குமே. எதுக்குடி வெளிய வந்த?"

"அப்படி முடிச்சிருந்தா டிசம்பர்ல உன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

ஹேடன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"டிசம்பரா? வரேன்டி, வந்து காட்டறேன். உங்க பசங்களை அந்தச் சேத்துலயே போட்டுப் புரட்டறேன். மண்ணைக் கவ்வ வைக்கிறேன். பாலம் தாண்டி உங்க ஊரு வரைக்கும் அழுதுக்கிட்டே ஓடணும். அதுங்களும் ஒரு டீமா, தூ!"

ட்ரெவாலன் முதல் பிரிவுக்கு ஏறிப் போன நாளிலிருந்து அவளை எங்கே பார்த்தாலும் உடம்பு சௌக்கியமா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். நெஸ்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் திட்டுடா," என்றாள்.