செருப்புக் கணக்கு

குணேஸ்வரிக்கு வீட்டிலும் ஆபீஸ் நினைப்புத்தான். தொண்ணூற்று மூன்றில், பெட்டாலிங் ஜெயாவில் அவள் வேலை பார்த்த கம்பெனி, நான்கு பிராசசர் கொண்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதன் கெர்னலில், அதாவது மொத்த மெஷினையும் கட்டி மேய்க்கும் அடிமட்டப் புரோகிராமில், நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு வைக்க ‘எண்ணி’ ஒன்று வைத்திருந்தாள். துண்டை எடுக்கும் பிராசசர் ஒன்று கூட்ட வேண்டும், விடும்போது ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யமாகிவிட்டால் துண்டைத் துடைத்துவிடலாம். கூட்டலிலும் கழித்தலிலும் பிசகே கிடையாது. ஆனாலும் உபயோகத்தில் இருக்கும் துண்டு திடீரென்று துடைக்கப்பட்டு, மெஷின் படுத்துக்கொண்டது.

வீட்டில் வேறு கவலை. அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். கணவன் விஜயன் ரயில்வே தொழிலாளர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். காதல் கல்யாணம். மாமியார் வீரம்மா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுதான் பயம். தன்னை மனதார ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஒரே வாசல், ஒரே சாவி. கடைசியாகக் கிளம்புகிறவர் இரும்புக் கிரில்லை வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் கொடுக்க வேண்டும். வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆளில்லை என்பது வீட்டுச் சட்டம்.

அன்று சனிக்கிழமை. விஜயன் வேலையாக ஈப்போவில் இருந்தான். கிள்ளானில் வீரம்மாவின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன மாமியார் அப்படியே பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்து, வெறும் வாசலைப் பார்த்து, பூட்டிவிட்டு ஆபீசுக்குப் போனாள் குணேஸ்வரி. குழாய்ச் சத்தம் கேட்டுத்தான் இருக்கும். காதில் ஏறினால்தானே?

சாயங்காலம் சாவியை வாங்கித் திறந்தால், வீரம்மா பட்டுச் சேலையோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, உள்ளயா இருந்தீங்க? செருப்பக் காணலியே?"

"பாசார்ல ஒரே சேறு. செருப்பக் கையில தூக்கிட்டு வந்து பாத்ரூம்ல கழுவினேன். சேலை மாத்திக்கிட்டு, அத வெளிய வைக்கலாம்னு வந்தா, பூட்டியிருக்கு."

குணேஸ்வரிக்கு உயிரே போயிற்று. போன உயிர் திரும்புமுன் ஆபீஸ் எண்ணியின் ஞாபகம் வந்ததுதான் வெட்கக்கேடு. ஆள் நுழைந்தாயிற்று, செருப்பு இன்னும் வாசலுக்கு வரவில்லை! துண்டு எங்கே இருக்கிறதென்று ஒரு பிராசசர் பார்த்துவிடுகிறது. அது ஒன்று கூட்டுமுன் இன்னொன்று பூஜ்யத்தைக் கண்டு துடைத்துவிடுகிறது. பார்ப்பதையும் கூட்டுவதையும் ஒரே பூட்டுக்குள் செய்ய வேண்டும். துடைப்பவனும் அதே பூட்டைப் பிடித்த பிறகுதான் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். மாமியாரைச் சிறைவைத்த மருமகளுக்கு வந்த ஞானத்தைப் பாருங்கள்.

"இராஜம்மா ஆன்டிய ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே மாமி. சாவி அவங்ககிட்டதானே இருந்துச்சு."

"கூப்பிட்டா? மருமவ மாமியார வச்சிப் பூட்டிட்டான்னு பிளாட் முழுக்கப் பேசும். போய் மொகம் கழுவு."

அப்போது போன் அடித்தது. கிள்ளானிலிருந்து தங்கை. ஏன் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒடம்புக்கு முடியலடி" என்றார் வீரம்மா. "தனியாவா? நான் ஏன் தனியா இருக்கேன்? எம் மருமவ லீவு போட்டுட்டு, காலையிலேர்ந்து பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டா லா."