தவிட்டு ஜாடியின் மூடி

நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, அரைமணி ஊறவைத்து, பக்குவமாகக் கொதிக்கவும் வைத்துவிட்டு, கடைசியில் வடிதட்டைக் கழுவுதொட்டியில் போட்டு அதன்மேல் சட்டியைக் கவிழ்த்தார் தோகுஜிரோ. சாறு முழுவதும் சாக்கடைக்குப் போயிற்று. தட்டில் மிஞ்சிய தலையில்லாத மீன்களை ஒரு கிண்ணத்தில் பத்திரமாக அள்ளி மேடையில் வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"அண்ணே, கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷமா சூப்புனு எதக் குடிச்சீங்க? சக்கையவா?" என்றான் கிஹெய். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யார் வீட்டுக் கதவு எப்படித் திறக்கும் என்று தெரிந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"உன் வேலையப் பாருடா."

நோபுகோ வடிகட்டச் சொன்னாள், வடிகட்டினார். வடிந்ததைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்து சொன்னார்களா? ஆயுசு முழுக்க ஊருக்கு ஓடு வேய்ந்தவர் அவர். கூரையில் விழுந்து ஓடுகிற தண்ணீரை எந்த ஓடு வேய்கிறவன் பிடித்து வைத்திருக்கிறான்?

"விடுங்கண்ணே, என் சட்டியில நெறைய இருக்கு. பாதி எடுத்துக்கங்க" என்றாள் நோபுகோ. அவள்தான் சொல்லிக்கொடுக்கிறவள். ஜப்பானில் உவாஜிமா துறைமுகத்துக்கு மேலே மேட்டுத்தெருவில் இருக்கும் அவள் வீட்டு அடுப்படிதான் வகுப்பு. சமைக்கத் தெரியாத கிழட்டு ஆண்கள் மூன்று பேர், வியாழக்கிழமை வியாழக்கிழமையாக. மூன்றாமவர் ஷோசோ. பெண்டாட்டி செத்தவர், பேசமாட்டார், வெங்காயம் நறுக்கும்போது மட்டும் வசதியாக அழுவார்.

தோகுஜிரோவுக்கு நோபுகோவைப் பிடிக்காது. அவள் அவர் பெண்டாட்டி ஃபுசாயேயின் சிநேகிதி. இங்கே அவர் விரலை வெட்டிக்கொண்டால் அன்று சாயங்காலமே மட்சுயாமாவுக்குச் செய்தி போய்விடும் என்று அவருக்குச் சந்தேகம்.

மட்சுயாமாவில் இருப்பது மகள் வீடு. ஃபுசாயே மார்ச் மாதம் அங்கே போனாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தேயிலை டப்பாவுக்கு அடியில் ஒரு காகிதம்: 'உங்க சோத்த நீங்களே ஆக்கிக்கத் தெரிஞ்சதும் பேசலாம்.' அவர் அதை மூன்று தரம் படித்தார். சரி, ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். வேலையை முடித்தால் வந்துவிடுவாள். அதற்காகத்தான் இந்த மேட்டை ஏறியது, அதற்காகத்தான் இடுப்பில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு ஒரு தபால்காரனிடம் கேலி வாங்கியது. ஐந்து வியாழன் முடிந்தது. இது ஆறாவது, கடைசி. இன்று சோறு, சூப்பு, சுட்ட மீன், ஊறுகாய். நாளைக்கு மகள் வீட்டுக்கு போன் போட்டு, 'முடிச்சாச்சு, கெளம்பு' என்று சொல்ல வேண்டியதுதான். எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கெஞ்சுகிற தொனி வரக்கூடாது.

சோறு பொங்கி அடங்கியது. மீன் ஒரு பக்கம் கருகியது, அதை அடியில் திருப்பி வைத்தார். நோபுகோ அடுப்படித் தரையில் ஒரு பலகையைத் தூக்கினாள். அடியில் இருந்த குழியிலிருந்து ஒரு பழுப்பு ஜாடியை முனகிக்கொண்டே மேலே எடுத்தாள்.

"இது தவிட்டு ஊறுகாய். அரிசித் தவிடும் உப்பும், உள்ள பொதச்ச வெள்ளரிக்காயும். தெனமும் கைய உள்ள விட்டுக் கெளறணும். ரெண்டு நாள் விட்டா கோவிச்சுக்கும், பத்து நாள் விட்டா செத்துப்போவும்."

தோகுஜிரோ ஜாடியைப் பார்க்கவில்லை. மூடியைத்தான் பார்த்தார். வட்டமாகக் கொத்திய கூரை ஓடு. ஓரத்தில் உளி வழுக்கிய இடத்தில் நகத்தளவு பள்ளம். பழைய மூடி உடைந்தபோது, மலையடிக் கோயில் கூரையைப் பிரித்ததில் கிடைத்த ஓட்டைக் கொத்தி அவரே செய்து போட்டது. தன் வீட்டு அடுப்படிக்கு அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

"இது எங்க வீட்டு ஜாடி."

நோபுகோவின் கை நின்றது.

"எங்க வீட்டுக்குள்ள எப்ப வந்து தூக்கின? நான் குளிக்கப் போன நேரமா? சமையல் சொல்லித்தர்றேன் சமையல் சொல்லித்தர்றேன்னு தேனொழுகப் பேசிட்டு, ஜாடி திருடுறியா?"

"அண்ணே, பாத்துப் பேசுங்க" என்றான் கிஹெய்.

"நீ பேசாத. கண்டவன் வீட்டுக் கடுதாசிய வெளிச்சத்துல பிடிச்சுப் படிச்சவன்தான நீ."

நோபுகோ ஜாடியை மேடையில் வைத்தாள். அவள் முகமும் சிவந்துவிட்டது. "திருடினேனா? மார்ச் மாசம், அவ கெளம்புற அன்னைக்கு, ரெண்டு கையிலயும் தூக்கிட்டு இந்த மேட்டுல ஏறி வந்து குடுத்துட்டுப் போனா. பாதிய ஒரு பையில கட்டி மட்சுயாமாவுக்கு எடுத்துக்கிட்டா. போதுமா? இந்த வெள்ளரிக்காய்க்காகவா நான் திருடப்போறேன்?"

பாதியை எடுத்துக்கொண்டாள்.

மகளின் பிரசவத்துக்குப் போய் நாற்பது நாள் இருந்தபோது ஃபுசாயே ஜாடியை யாருக்கும் கொடுக்கவில்லை. தவிட்டின்மேல் விரற்கடை கனத்துக்கு உப்பைக் கொட்டி, மூடி, 'தொடாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள். வந்ததும் உப்பை வழித்துப்போட்டு, புதுத் தவிடு சேர்த்தாள். அவ்வளவுதான். திரும்பி வருகிறவள் உப்புப் போட்டுவிட்டுப் போவாள். பங்கு பிரிக்கமாட்டாள். அவருக்குப் படிப்பு இல்லை, ஆனால் இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

"எனக்கு ஏன் வைக்கல?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. "என் வீட்டு ஜாடிய எனக்கு ஏன் வைக்கலன்னு கேக்குறேன்."

"வச்சிருந்தா நீங்க கைய விட்டிருப்பீங்களா? ஓடு வேயிற ஆளுங்க அம்புட்டு பேரும் உங்க வீட்டுல உக்காந்து குடிச்சப்ப, அவ ஊத்திக் குடுக்க வந்தா. இவ கை தவிட்டு நாத்தம் நாறுது, தள்ளி நின்னு ஊத்தச் சொல்லுனு சிரிச்சீங்களாமே. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் சொல்லிட்டிருக்கா."

ஷோசோ தலையைக் குனிந்துகொண்டார். வெங்காயம் எதுவும் இல்லை.

"மூடி என்னுது" என்றார் தோகுஜிரோ. "மூடிய அவ கொத்தல, நான் கொத்தினேன்." மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய பூப்போட்ட துணியைக்கூட அவிழ்க்காமல் வெளியேறினார். சோறு மேடையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

இறக்கம் முழுவதும் திட்டிக்கொண்டே வந்தார். நாளைவரைக்கும் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, மூடியை மேசையில் வைத்து, போனை எடுத்தார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"ஜாடிய ஏன் குடுத்த?"

"கெளற ஆள் வேணும்ல" என்றாள் ஃபுசாயே. மதியம் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரல்.

"நான் ஆறு வாரம் வகுப்புக்குப் போனேன்."

"தெரியும். நாந்தான் நோபுகோகிட்ட சேத்துக்கச் சொன்னேன். சூப்பு வைக்க வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நல்லது. இனிமே நீங்க பட்டினி கெடக்கமாட்டீங்க. நானும் இங்க நிம்மதியா இருப்பேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் வருவதற்காக இல்லை, வராமல் இருப்பதற்காக அவரைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறாள். அவளுடைய மனச்சாட்சிக்கு அவர் நெத்திலி கிள்ளியிருக்கிறார்.

"நாப்பத்தாறு வருஷம் உன் தலைக்கு மேல ஒரு சொட்டு ஒழுக விட்டிருப்பனா?" என்று கத்தினார்.

"இல்ல" என்றாள் அவள். "ஒழுகவே இல்ல." பிறகு, "அடுப்ப அணைச்சீங்களானு பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுப்பைப் பற்ற வைத்தால்தானே அணைக்க. போனை ஓங்கி வைத்தார். மேசைமேல் மூடி இருந்தது. எதற்குத் தூக்கி வந்தோம் என்று தெரியவில்லை. ஜாடி இல்லாத மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தலையில் கவிழ்த்துக்கொள்வதா? அங்கே அந்த ஜாடி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஈ விழும். அந்தத் தபால்காரன் மூக்கை நீட்டுவான். எந்தச் சண்டையானாலும் கூரையைப் பாதி பிரித்துவிட்டு இறங்கி வந்த ஆள் இல்லை அவர்.

மறுபடி மேட்டை ஏறினார். முழங்கால் வலித்தது, அதற்கும் ஃபுசாயேயைத் திட்டினார். நோபுகோ தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜாடியின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்திருந்தாள்.

"திருடலன்னு ஒத்துக்கறேன்" என்றார். "மூடிய வச்சுக்க. எனக்கு ஒரு பங்கு குடு."

"தெனமும் கை விடணும்."

"காது கேக்குது எனக்கு."

"நானா எடுத்துத் தரமாட்டேன். நீங்களே எடுத்துக்கங்க."

சட்டைக் கையை மடித்தார். தவிடு குளிர்ந்து, ஈரமாக, மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டது. அடியிலிருந்து ஒரு பிடி, பிறகு இன்னொரு பிடி. நோபுகோ நீட்டிய பையில் அப்பினார். கையைத் தேய்த்துக் கழுவினார், சோப்பு போட்டு இன்னொரு தரம் கழுவினார். மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"நாறுது."

"நாறத்தான் செய்யும்" என்றாள் நோபுகோ, திரும்பிப் பார்க்காமல்.