கம்பெனி திருப்பி அனுப்பிய விரல்கள்

ஒரு தபால்காரரின் வலது கால் பெருவிரல், அறுவையில் நேராக்கப்பட்ட இருபத்திரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு மறுபடி கோணிக்கொண்டது. காப்பீட்டுக் கம்பெனி அவருடைய கிளெய்மை நிராகரித்த தகவல் எங்கள் பில்லிங் அறைக் கணினிக்கு வந்ததும் அதே பத்தேகாலுக்குத்தான். எந்த விரல் என்பதற்கான குறி விட்டுப்போயிருந்தது. குறியைச் சேர்த்து மறுபடி அனுப்பினோம். ஒப்புதல் வந்த நேரத்தில் தபால்காரர் யார் வீட்டு மாடிப்படியிலோ ஏறிக்கொண்டிருந்தார். ஏழாவது படியில் விரல் நேரானது. மீதிப் படிகளையும் ஏறி, கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

கால் வைத்தியத்துக்கு மட்டுமான ஆஸ்பத்திரி எங்களுடையது. முதல் ஆளுக்கு இப்படி நடந்தபோது டாக்டர் வீக்கம் என்றார். இரண்டாவது ஆளிடம், பயிற்சி போதாது என்றார். நான்காவது ஆளுக்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை. ஊருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது: கத்தி வைப்பது மேல்மாடி, விரலை நிமிர்த்துவது கீழே மூன்றாம் எண் அறை. கட்டுப் பிரித்தவர்கள் டாக்டருக்கு வணக்கம் சொன்ன கையோடு எங்கள் ஜன்னலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டி, "பதில் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பார்கள்.

அந்த அறையில் என் எதிர் மேசையில் இருந்தவரை எல்லோரும் விரலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டரின் குறிப்பைப் படித்து, என்ன அறுவை என்பதற்கு ஐந்து இலக்க எண்ணும், எந்தக் கால், எந்த விரல் என்பதற்கு ஒரு குறியும் போட்டு அனுப்புவது எங்கள் வேலை. டாக்டரோ 'விரல் சரி செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அக்கா தாளை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போவார்.

"எந்த விரல் டாக்டர்? மனுஷனுக்குப் பத்து இருக்கு."

"கட்டுப் போட்டிருக்கேனே, பாத்தா தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கம்பெனிக்குக் கண்ணு கிடையாது. நீங்க எழுதினாத்தான் நடந்தது. இல்லேன்னா நீங்க அன்னிக்கு ஆபரேஷனே பண்ணல, சும்மா பேசிட்டிருந்தீங்க."

நடக்காத எதையும் அக்கா எழுதியதில்லை. ஒரு பணக்காரர், செய்யாத அறுவைக்கு எண் போட்டுக் கொடுத்தால் போதும், கத்தி இல்லாமலே கால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு வந்தார். அக்கா அவருக்கு மேல்மாடிக்கு வழி காட்டினார்.

இதில் அதிகம் அடிபட்டவர் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்குச் செருப்புக் கடை. நேரான காலுக்கு வாங்கிய ஜோடி, நிராகரிப்பு வந்த மறுநாளே கடைக்குத் திரும்பிவிடும். "உங்க கம்பெனி முறைச்சா என் கடையில சரக்கு நிக்குது" என்பார் சாப்பிடும்போது. "பெரிய சைஸா வாங்கி வையுங்க" என்பார் அக்கா. இப்படியே பதினெட்டு வருஷம் போயிற்று. கையெழுத்து கோட்டைத் தாண்டியதற்கும், வயது ஒன்று குறைந்ததற்கும் கம்பெனி கிளெய்மைத் திருப்பியது. ஒரு தையல்காரியின் சுண்டுவிரல் மூன்று வருஷம் போவதும் வருவதுமாக இருந்தது. அவர் விரல் பக்கம் திறந்த செருப்புக்கு மாறிக்கொண்டார்.

அக்காவுக்கும் வலது பெருவிரல் பக்கம் எலும்பு புடைத்திருந்தது. எனக்கு யார் எண் போடுவா என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் நான் போடுகிறேன் என்று சொன்ன பிறகு ஒரு புதன்கிழமை படுத்தார். அறுவை நன்றாக முடிந்தது. வெள்ளிக்கிழமை கெண்டைக்காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். விரல் மட்டும் டாக்டர் சொன்னபடி நேராக இருந்தது.

கிளெய்ம் தாளில், நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு எப்படிப் போனார் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்குப் போனால் ஒரு எண், இறந்தால் இன்னொரு எண். செருப்புக் கடைக்காரர் மூன்றாம் எண் அறைக்கு வந்து, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் அந்தத் தாள்லதானே போகுது?"

"ஆமா மாமா."

"திருப்பிட்டா எல்லாமே திரும்பிடும் இல்ல?"

"இதுவரைக்கும் அப்படித்தான்."

"அப்ப தப்பாப் போடு. புடைச்ச காலோட வரட்டும். நான் பெரிய சைஸ் வாங்கித் தரேன்."

"அக்கா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க."

"அவ இருந்தா நான் ஏன் வந்து கேக்கறேன்?"

டாக்டர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக எந்தக் கால், எந்த விரல், எத்தனை மணி என்று எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். நான் வலது காலை இடது காலாக மாற்றினேன். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். வயதில் ஒன்பது வருஷம் குறைத்தேன். இறந்தார் என்பதற்கான எண்ணை மட்டும் அப்படியே விட்டேன். பதினெட்டு வருஷத்தில் எங்கள் அறையிலிருந்து அப்படி ஒரு மோசமான தாள் போனதில்லை. பதில் வரப் பதினான்கு நாள் ஆகும். அதுவரை உடலை வாங்குவதில்லை என்று முடிவு செய்து, கடைக்காரர் பிணவறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. ஒப்புக்கொள்ளப்பட்டது. கேள்வி எதுவும் இல்லை. கீழே, துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று கம்பெனி ஒரு வரியும் சேர்த்திருந்தது.

நான் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிணவறைக்காரர் துணியை விலக்கிச் சரிபார்த்துவிட்டு, "காலையில கட்டு வலது கால்லதானே இருந்துச்சு?" என்றார். கட்டு இடது காலில் இருந்தது. முகத்திலும் ஒன்பது வருஷம் குறைந்திருந்தது. கடைக்காரர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிணவறைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். இடது என்று இருந்தது. "சரி, அப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.