நாற்பதடிச் சுவர்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம்.

'துறைமுகத்தின் உப்புக் காற்றில் அன்று...'

அடச்சீ. கிரேன் இறக்கிய கன்டெய்னருக்கு அடியில் நசீர் என்ற தொழிலாளி செத்துப்போனார். காற்றுக்கு இங்கே என்ன வேலை?

2

கணினியில் முப்பரிமாணக் காட்சி அமைப்பது என் பிழைப்பு. கிரேன் ஓட்டியவர் வேதமாணிக்கம், ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர். அவர் கண்ணுக்கு நசீர் தெரிந்தாரா என்று விசாரணைக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்கள். அவர் கண்ணிலிருந்து நசீர் நின்ற இடத்துக்கு ஒரு கதிர், அதாவது நேர்கோடு. நடுவே இன்னொரு கன்டெய்னரின் சுவர், கணக்கில் அது ஒரு தட்டையான தளம். கதிர் தளத்தை வெட்டினால் ஆள் மறைவில் இருந்தார் என்று அர்த்தம். வெட்டியது என்றது என் நிரல். மறைவில் போய் நின்றது நசீரின் கவனக்குறைவு, நஷ்டஈடு கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

(கணக்கில் தளத்துக்கு முடிவே இல்லை. இரும்புச் சுவரோ நாற்பதடியில் முடிந்துவிடும். வெட்டிய புள்ளி சுவருக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வரியை நான் எழுத மறந்திருக்கிறேன். புள்ளி சுவரைத் தாண்டி மூன்றடி தள்ளி, வெறும் வெளியில் கிடந்தது. நேற்றுதான் பார்த்தேன். அப்படியென்றால் நசீர் மறைவிலேயே இல்லை.)

3

வேதமாணிக்கத்தை நல்லவராக எழுதுவதா, கெட்டவராகவா? தெரியாமல் அவரிடமே போனேன்.

"அண்ணே, நசீர் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"இன்னா பண்ணச் சொல்ற ஜானட்? கேபின்ல காலுக்குக் கீழ கண்ணாடி கீது. வெயிலு கூசுதுன்னு அது மேல அட்டை போட்டுகினுதான் அல்லாரும் ஓட்டுவோம். அன்னிக்கும் எடுக்கல." அழுதுவிட்டார். "சொல்லிடாதம்மா. ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

4

முடிவு ஒன்று: திருத்திய கணக்கை அனுப்புகிறேன், வேதமாணிக்கம் சிறைக்குப் போகிறார்.

முடிவு இரண்டு: அவரே போய் உண்மையைச் சொல்கிறார். (நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

இரண்டையும் அடித்துவிட்டேன். இன்று மத்தியானம் நசீரின் மனைவி ஃபிர்தௌஸ், விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல நீங்கதான் பாத்தீங்களாமே. எங்க வூட்டுக்காரரு மேலதான் தப்பாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ரிப்போர்ட்ல அப்படித்தான் கீது" என்றேன். கோழை நான்.

"சரிக்கா. பொண்ணு தெனம் கேட்டுகினே கீது. அப்பாதான் பாக்காம நின்னுட்டாருன்னு இன்னிக்கு சொல்லிடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அவள் இன்னும் தெருவில்தான் நடந்துகொண்டிருக்கிறாள். கூப்பிடுவதென்றால் நீங்கள் கூப்பிடுங்கள். சீக்கிரம், மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும்.