கட்டுப் போட்ட கை

இளம்பரிதி வெள்ளைத் துணியை ஜெபகுமாரின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தான். விரல்களை மடக்கிக்கொள்ளச் சொன்னான். சுற்றி முடித்ததும் கை மொட்டையாகத் தெரிந்தது. அதன்மேல் சிவப்பு மையைத் தொட்டுத் தடவினான். படப்பைக்குப் பின்னால், பழைய இரும்பு குவிந்து கிடந்த ஒரு காலி மனையில் நின்றிருந்தார்கள். வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று இளம்பரிதி அவசரப்பட்டான்.

"இது வேணாம்டா," என்றான் ஜெபகுமார். "என் கை நல்லாத்தானே கீது."

"பாட்டுல இன்னா சொல்ற? என் கைன்னுதானே சொல்ற? அப்ப கைய காட்டணும் இல்ல. மூஞ்சி வராது, முதுகும் கையும் மட்டும்தான்."

ஜெபகுமார் மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் அவன்தான். உண்மை, பொய் என்று ஆறு மாதமாக இளம்பரிதியின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இளம்பரிதி படப்பையில் வீடியோ கடை வைத்திருந்தான். முகூர்த்த நாட்களில் கல்யாணங்களுக்குக் கேமரா தூக்கிக்கொண்டு போவான். ஜெபகுமார் சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகர்ப் பக்கம் போய், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் நின்றான். அவனுடைய அக்கா ஷெர்லினின் கணவர் கப்பல் வேலைக்காரர். அந்த வருடம், தொண்ணூற்றொன்றின் தொடக்கத்தில், ஊருக்கு வந்தபோது, அமெரிக்க டிவியிலிருந்து பதிவு செய்த ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தார். அதில் இருந்தவர்கள் பாடவில்லை. தாளத்தின் மேல் ஏறி நின்று பேசினார்கள். இதுதான் ராப் என்று மாமா சொன்னார்.

வார்த்தைகளில் பாதி புரியவில்லை. ஆனாலும் ஜெபகுமார் அந்தக் கேசட்டை இளம்பரிதியின் கடையில் தேயத் தேயப் பார்த்தான். அதில் ஒரு காட்சி அவனுக்கு உயிர். ஜன்னல் உடைந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் நாலைந்து கறுப்பின இளைஞர்கள் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார்கள். பேசும்போது வாயிலிருந்து புகை வரும். அந்தப் புகையை யாராலும் நடிக்க முடியாது என்பான். இன்னொரு காட்சியில் ஒருவன் கழுத்து நிறையச் சங்கிலியோடு பெரிய காரின் மேல் உட்கார்ந்திருப்பான், சுற்றிலும் பெண்கள். அவனைக் கண்டாலே ஜெபகுமாருக்கு ஆகாது. கார் யாருடையதோ, சங்கிலி வாடகையோ, வாய் பாட்டோடு சேரவே இல்லை என்று திட்டுவான். சினிமாப் பாட்டில் கதாநாயகன் பனிமலையில் ஆடினால் நீ எப்படி அங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. ராப்பில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ராகம் கிடையாது, ஒளிந்துகொள்ள வயலின் கிடையாது, இருப்பது ஒரு வாய்தான், அந்த வாய் பொய் சொன்னால் அப்புறம் அதில் என்ன மிச்சம் என்பது அவன் கட்சி.

இளம்பரிதி சிரிப்பான். உடைந்த ஜன்னலும் கேமராக்காரன் ஊரெல்லாம் சுற்றித் தேடிப் பிடித்ததாக இருக்கும், நெஜம் என்று நீ கும்பிடுவதெல்லாம் யாரோ ஒருவன் ஃபோகஸ் பண்ணிக் காட்டியதுதான் என்பான்.

ஜெபகுமார் தமிழில் எழுதிப் பார்த்தான். ஷிப்டைப் பற்றி, கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதெல்லாம் சப்பென்று இருந்தது. பிறகு கோதண்டத்தைப் பற்றி எழுதினான். கோதண்டம் அதே பிரஸ் ஷாப்பில் மூத்த ஆபரேட்டராக இருந்தவர். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அந்த பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் இரும்பு கீழே இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. ஒரு பட்டனில் மர ஆப்பை அடித்து இறுக்கிவிட்டால் ஒரு கை மிச்சமாகும், வேலை வேகமாக ஓடும். அப்படி ஓடிய ஒரு நாளில் கோதண்டத்தின் வலது கை உள்ளே மாட்டி விரல்கள் போய்விட்டன. ஆப்பு என்று ஒன்று இருந்ததாகவே கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கவனக்குறைவு என்று சொல்லி, கேட்டில் உட்காரும் வேலை கொடுத்தது.

ஜெபகுமார் அன்று அந்த ஷிப்டில் இல்லை. மறுநாள் வந்தபோது மெஷினைக் கழுவி விட்டிருந்தார்கள். மற்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதினான். முதலில் 'அவரு கை' என்றுதான் எழுதினான். செய்தி வாசிப்பது போல இருந்தது. 'என் கை' என்று மாற்றிச் சொன்னதும் அவனுக்கே மயிர் சிலிர்த்தது.

ரெண்டு பட்டன் கீது, ரெண்டு கையும் வேணும்,
ஒண்ணுல ஆப்பு அடிச்சான், இன்னும் பீசு வேணும்.
கீழ எறங்குது இரும்பு, லைன் நிக்கக் கூடாது,
என் கை உள்ள கீது, மெஷினுக்குத் தெரியாது.

அடுத்த அடியில் அவன் அம்மா என்று அலறுவான். அலறலோடு பாட்டு நிற்கும்.

இளம்பரிதி அதை ஆடியோ கேசட்டிலும் பதிவு செய்தான், கட்டுப் போட்ட கையோடு வீடியோவும் எடுத்தான். சில நாட்களிலேயே கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அதைப் போட ஆரம்பித்தார். டீ நேரத்தில் ஆட்கள் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு சொன்னார்கள். யார் பாடியது என்று தெரியாததால் இன்னும் வேகமாகப் பரவியது. கேட்கக் கேட்க ஜெபகுமாருக்கு உள்ளே குளிர்ந்தது.

பிறகு ஒரு காலை, பஸ்ஸில் கேசட் ஓடவில்லை. டிரைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டில் கோதண்டத்தின் நாற்காலி காலியாக இருந்தது. வீடியோவின் ஒரு பிரதி, ஆட்களின் வேலை விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் மேனேஜர் புருஷோத்தமனின் கைக்குப் போய்விட்டது என்றார்கள். முகம் இல்லை, முதுகும், கட்டுப் போட்ட வலது கையும்தான். கம்பெனியில் வலது கை போனவர் ஒருவர்தான். கோதண்டத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, சனிக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் வந்து பெயர் கேட்டது. கேசட் போட்டு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மேனேஜர் பேசியதாகவும் செய்தி வந்தது.

சும்மா இரு என்றான் இளம்பரிதி. கோதண்டத்துக்கு ராப் வராது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள் என்றான். சொல்லும்போது அவன் கண் கடை வாசலிலேயே இருந்தது.

ஜெபகுமார் அன்று சாயங்காலமே வல்லக்கோட்டைக்குப் போனான். கோதண்டம் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அம்சவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு தன்னுடையது என்று அவன் சொன்னதும் முறம் நின்றது.

"இவரு கை போனது உனுக்குப் பாட்டா?" என்றாள் அம்சவல்லி. "இப்ப கேட்டு வேலையும் போவப்போவுது. போனா இன்னொரு பாட்டு எழுதுவியா?"

கோதண்டம் வெகுநேரம் அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அதைப் பேன்ட் பைக்குள் வைக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் நின்றான்.

"டீக்கடையில போட்டாங்க, பார்த்தேன்," என்றார். "அதுல நான் அம்மான்னு கத்தறேன். நான் கத்தலப்பா. தொண்டையில சத்தமே வரல. பக்கத்து மெஷினெல்லாம் ஓடிக்கினுதான் இருந்திச்சி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. நான்தான் இடது கையால என் மெஷின் சுவிச்ச நிறுத்தினேன்."

சனிக்கிழமை தானும் வந்து சொல்லிவிடுவதாக ஜெபகுமார் சொன்னான். வா என்றும் வராதே என்றும் கோதண்டம் சொல்லவில்லை. அம்சவல்லி மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை மேனேஜர் அறைக்குள் புருஷோத்தமனும் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் அண்ணாதுரையும் உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். யூனியன் ஆட்கள் சிலர் வெளி வராந்தாவில் காத்திருந்தார்கள். ஜெபகுமார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

"பாட்டு என்னுது சார். அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

புருஷோத்தமன் நம்பவில்லை. யூனியன் யாரையோ பலி கொடுக்க அனுப்பியிருக்கிறது என்று நினைத்தார் போல. பாடிக் காட்டு என்றார். ஜெபகுமார் தொடையில் தாளம் தட்டினான். பஸ்ஸில் அத்தனை பெரிதாகக் கேட்ட வார்த்தைகள் அந்த அறையில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் ஏறவில்லை. இருந்தும் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அலறல் வரும் இடத்தில் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தான், அலறாமல் நிறுத்திக்கொண்டான்.

"ரெண்டு கையையும் நீட்டு," என்றார் புருஷோத்தமன்.

நீட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப இது பொய்."

பிறகு அவர் குரல் இறங்கியது. அதுதான் ஜெபகுமாரை இன்னும் பயமுறுத்தியது. திங்கட்கிழமை கேன்டீனில் எல்லார் முன்னாலும் நின்று, இது நானே கட்டிவிட்ட கதை, அப்படி எதுவும் நம் கம்பெனியில் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்றார். அவன் வேலையும் இருக்கும், கோதண்டத்தின் வேலையும் இருக்கும். இல்லையென்றால் இரண்டும் இருக்காது. கேசட் போலீசுக்குப் போகும்.

கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஜெபகுமாருக்கு முதலில் தோன்றியது. அவருக்காகவே சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அவருடைய கை இரண்டாம் முறையும் போனதாக ஆகிவிடும் என்று பட்டது.

"கை என்னுது இல்ல சார். அத எங்க வேணா சொல்றேன். கட்டு போட்டுக்கினது பொய்யி, அதையும் சொல்றேன். பட்டன்ல ஆப்பு இருந்தது பொய்யின்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"நீ பார்த்தியா?"

"இல்ல சார்."

"அந்த ஷிப்ட்ல இருந்தியா?"

"இல்ல."

புருஷோத்தமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பது போல அண்ணாதுரை பேனாவை மூடினார்.

"சார்," என்றார் கோதண்டம். "பாட்டுல ஒரு எடம் தப்பா கீது."

புருஷோத்தமன் அவர் பக்கம் ஆவலோடு திரும்பினார்.

"ஆப்பு அடிச்சான்னு வருது, அண்ணாதுரை சாரத்தான் சொல்றான். அவரு அடிக்கல. அடிக்கச் சொன்னாரு. சுத்தி எடுத்து அடிச்சது நானு. தெனம் ஷிப்டுக்கு வந்ததும் அடிப்பேன், போறப்ப புடுங்கிடுவேன். மத்ததெல்லாம் அவன் சொன்ன மாதிரிதான்."

ஜெபகுமார் திறந்துகொண்டு வந்த கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருந்தது. புருஷோத்தமன் அண்ணாதுரையைப் பார்த்தார். அண்ணாதுரை மறுக்கவில்லை, மூடிய பேனாவைத் திறந்து மறுபடியும் மூடினார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. யூனியன் விஷயத்தைக் கையில் எடுத்தது. அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து மெஷின்களைப் பார்த்தார். பட்டன்களுக்குமேல் ஆப்பு நுழைய முடியாதபடி இரும்புக் கூடு வைத்தார்கள். கோதண்டம் கேட்டுக்குத் திரும்பினார். ஆபீஸ் ஆட்கள் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அன்றே வேலையை விட்டு அனுப்பிய ஜெபகுமாரை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. போலீஸ் ஒருமுறை இளம்பரிதியின் கடைக்கு வந்து கேசட்டுகளை அள்ளிப் பார்த்துவிட்டு, கல்யாண வீடியோக்களாகவே இருந்ததால் போய்விட்டது. ஜெபகுமார் ஒரகடத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான்.

கோதண்டத்தையே நிற்க வைத்து, நிஜக் கையைக் காட்டி வீடியோவை மறுபடி எடுக்கலாம் என்று இளம்பரிதிக்கு ஆசை. இதைவிட நெஜம் உனக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். ஜெபகுமாருக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. ஆனால் போய்க் கேட்டபோது கோதண்டம் தலையாட்டி மறுத்துவிட்டார். ஜெபகுமார் வற்புறுத்தவில்லை.

பாட்டை மட்டும் மாற்றிப் பதிவு செய்தான். 'அவரு கை' என்று வந்தது. ஆப்பை அடிக்கச் சொன்னது யார், அடித்தது யார் என்பதும் வந்தது. அலறல் இல்லை, அந்த இடத்தில் தாளத்தை நிறுத்தி, மற்ற மெஷின்கள் ஓடும் சத்தத்தை மட்டும் விட்டான். பட்டறை வாசலிலிருந்து எடுத்த சத்தம் அது. அதைச் சேர்க்க இளம்பரிதிதான் மெனக்கெட்டான்.

பஸ்ஸில் மறுபடி கேசட் ஓடியபோது புதிய பாட்டு எடுபடவில்லை. இழுக்கிறது, பழையதைப் போடு என்றார்கள். பழைய கேசட்டின் பிரதிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன; அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜெபகுமார் புதியதை வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். கோதண்டம் குனிந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு," என்றார் உள்ளே பார்த்து.

அம்சவல்லி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜெபகுமாரும் கேட்கவில்லை, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான்.