டப்பாவில் எழுதாத எரிச்சல்

காலையில் இவன் எழுந்து பல் தேய்த்து, டீ போட்டுக் குடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்குவான். தெருமுனைக்குப் போவதற்குள், இறந்துபோன தன் மனைவி முந்தின நாள் யார் வீட்டில் பேசினாள் என்பது தெரிந்துவிடும். அவள் பெயின்ட் கம்பெனியில் எச்சரிக்கை வாசகம் எழுதியவள். தரை பெயின்ட் டப்பாவின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் அத்தனையும் அவள் எழுதியதுதான்: ஜன்னல்களைத் திறந்து வைக்கவும், நெருப்பின் அருகே கொண்டுபோக வேண்டாம், கண் எரிச்சல், தோல் எரிச்சல், தொண்டை எரிச்சல் உண்டாகலாம். ஒருநாள் அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பெயின்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். அடுத்த வாரம் முடிதிருத்துபவர் தன் வீட்டுத் தரைக்கு அடிக்க டப்பாவை நெம்பித் திறந்தபோது, உள்ளேயிருந்து அவள், "வாயில சிகரெட்ட வெச்சுக்கிட்டா பெயின்ட்ல தின்னர ஊத்துவீங்க? அணைங்க முதல்ல" என்றாள்.

ஊர் பழகிக்கொண்டது. ரசாயனப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஒரு டப்பாவைத் திறந்தார். "கையுறை எங்க சார்?" என்று டப்பா கேட்டது. எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் விதி, காதுக்குக் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை எனச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எரிந்தது இவனுக்கு மட்டும்தான். வயிற்றெரிச்சலைப் பற்றி டப்பாவில் ஒரு வரி கிடையாது. கண்டவன் வீட்டிலெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள் தாலி கட்டியவன் வீட்டில் ஒரு சொல் உதிர்க்கவில்லை. இவனும் டப்பா டப்பாவாக வாங்கித் திறந்தான். முகக்கவசம், கையுறை, நாலு ஜன்னலும் திறப்பு, எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடி. டப்பா கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது.

மருந்துக்கடைக்காரனைத்தான் இவனால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகாதவன். ஒரே அறைக்கு மூன்றாம் தடவையாக அடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து என்ன சொன்னா?"

"'சாப்பிட்டீங்களா தம்பி, வெறும் வயித்துல நெடி ஏறும்'னாங்க. தங்கமான மனுஷி சார்."

"எத்தனை தடவைடா ஒரே தரைக்கு அடிப்ப?"

"தப்பா அடிச்சாத்தானே சார் பேசுறாங்க. ஒழுங்கா அடிக்கிறவன்கிட்ட அவங்களுக்கு என்ன பேச்சு?"

இவன் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினான். ஜன்னல்களைச் சாத்தினான். முகக்கவசத்தை ஆணியில் மாட்டினான். வெறும் வயிற்றோடு, வெறுங்கையோடு படுக்கையறைத் தரைக்கு அடிக்க ஆரம்பித்தான். மருந்துக்கடைக்காரன் மூன்று தடவையில் செய்த தப்புகளை ஒரே தடவையில் செய்தான். தலை கிறுகிறுத்தது. "ஊருக்கெல்லாம் பேசுறியே, எனக்கு ஒரு திட்டு கிடையாதா?" என்றான். பாதித் தரையில் முழங்கால் மடங்கியது. டப்பா மூச்சுவிடவில்லை.

கண் விழித்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. மாடி வீட்டுத் தையல்காரர், கையில் காயாத பெயின்டோடு, இவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த நேரம் மேலே தன் தரைக்கு டப்பா திறந்திருந்தாராம்.

அதற்குப் பிறகு எந்த டப்பாவும் பேசவில்லை. மருந்துக்கடைக்காரன் நான்காம் தடவையும் அடித்துப் பார்த்தான். அதில் இவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கடைசியில் அவள் அழுதாள் என்றும், புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்றும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் உண்மையில் சொன்னதை, அதுவும் தன்னிடம் சொன்னதை, தையல்காரர் ஒரு சொல் மாற்றாமல் இவனிடம் ஒப்பித்தார்:

"அண்ணே, அத மூடி வெச்சுட்டு கீழ ஓடுங்க. எங்க வீட்டு ஜன்னலத் திறங்க. நான் அங்க பேசினேன்னா அந்த மனுஷன் நாளைக்கும் சாத்திக்குவாரு."