'விழுந்தான்' என்ற சொல்லுக்கு முளைத்த வால்

1

இப்போதெல்லாம் யாரும் முழுச் சொல் பேசுவதில்லை. கைப்பேசியில் பாதியைத் தட்டிவிட்டு மீதியை எதிராளி ஊகிக்கட்டும் என்று விடுகிறார்கள். எங்கள் செரேர் மொழிக்கு இது ஆகாது. எங்கள் வினைச்சொல்லுக்கு வால்தான் எல்லாம். யார் செய்தான், யாருக்காகச் செய்தான், யாரைச் செய்யவைத்தான் என்பதெல்லாம் வாலில்தான் இருக்கிறது. வாலை நறுக்கிவிட்டால் அது யார் வீட்டு ஆடு என்று எப்படித் தெரியும்?

இந்தக் கதை இப்படித்தான் வந்தது. ஊர் மல்யுத்தக் களத்துக்குப் புதிதாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பழைய மல்லர்களின் பெயரையும், ஒவ்வொருவனுக்கும் பெண்கள் பாடிய சொல்லையும் அதில் எழுதப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது கமிட்டி. ஸெமூ தியோம் பாதிரிமார் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன். அவன்தான் இதை எழுதுகிறான். 'நான்' என்று எழுதுகிறவனை எவன் நம்புவான்? ஸெமூவே நம்ப மாட்டான். ஆகவே 'அவன்'.

2

முதல் தொடக்கம்: "நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன், அறுவடை முடிந்து நடந்த பெரிய மல்யுத்தத்தில், ஸெமூ சிங்கம்போல"

(பொய். சிங்கத்தை அவன் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "ஸெமூ விழுந்தான்."

இது உண்மை. கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர் ஜெகான் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். ஸெமூவின் முதுகில் மணல் ஒட்டியது. ஜெகானுக்குப் பரிசுக் காளை கிடைத்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் பாட்டுக்காரி தெனிங் எழுந்தாள். அவள் ஸெமூவின் மாமன் மகள். 'விழுந்தான்' என்ற சொல்லை எடுத்து, அதன் பின்னால் ஒரே ஒரு சின்ன வாலை ஒட்டிப் பாடினாள். 'விழுந்துகொடுத்தான்' என்று ஆகிவிட்டது. இன்னொருவனுக்காக, வேண்டுமென்றே. (இங்கே எழுதும்போது இவ்வளவு நீளம் ஆகிறது. அவள் வாயில் அது அரை மூச்சுதான்.)

பதினோரு ஊர்க் கூட்டமும் கைதட்டியது. அன்று முதல் ஸெமூ பெருந்தன்மையாகத் தோற்றவன். ஜெகான் பிச்சை வாங்கி ஜெயித்தவன். அன்று முதல் ஜெகான் அவனோடு பேசுவதில்லை. இனி அந்தச் சொல் சுவரிலும் ஏறிவிட்டால் இருவரும் செத்த பிறகும் அது அங்கேயே இருக்கும்.

வாலை வெட்ட வேண்டும். வெட்டக்கூடியவள் ஒருத்திதான்.

3

தெனிங் முற்றத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாய்யா என் அடிமை! கையில என்ன, கோலாக் கொட்டையா? இந்த வயசுல யாருக்குப் பொண்ணு கேட்டு வந்தே?"

"அடிமை நீதான்டி. உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"எனக்குப் பல்லு ஏது? அதையும் நீயே கடிச்சுக் குடு."

(அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் அடிமை என்று திட்டலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன். ஸெமூ இத்தனை வருடம் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான்.)

"தெனிங், அந்தப் பாட்டுல இருக்கிற வாலை எடுத்துடு."

"ஏன்? உனக்குன்னு கிடைச்ச ஒரே நல்ல சொல்லு அது."

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல புள்ள. அவன் தூக்கிப் போட்டான், நான் விழுந்தேன்."

அவள் கடலையைக் கீழே வைத்தாள். "சரி, வேற வால் தரேன். எது வேணும், பாத்து எடுத்துக்கோ." பிறகு விரல்களை மடக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். விழவைத்தான். போய் விழுந்தான். தன்னைத்தானே விழத்தட்டிக்கொண்டான். ஒருவரையொருவர் விழவைத்துக்கொண்டார்கள். விழுவதற்கென்றே உள்ள இடம். விழுவதையே பிழைப்பாகக் கொண்டவன்.

எங்கள் மொழியில் இதெல்லாம் ஒவ்வொரு சொல்தான். வாலுக்கு மேல் வால். இதில் பாதியை ஸெமூ அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆனால் காதில் விழுந்ததுமே விளங்கியது. வேலிக்கு வெளியே போன கழுதைவண்டிக்காரன் கடைசிச் சொல்லைக் கேட்டு வண்டியை நிறுத்திச் சிரித்தான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு மல்லன் எதிராளியின் உடம்பில் எத்தனை பிடி கண்டுபிடிப்பானோ, அதைவிட அதிகப் பிடி இவளுக்கு ஒரு சொல்லில் அகப்படுகிறது. ஸெமூ யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை. அன்று மெச்சினான். வெளியே காட்டவில்லை.

"ஒண்ணும் வேணாம்," என்றான். "அன்னிக்கு ஏன் அந்த வாலை வெச்சே, அதைச் சொல்லு."

"கேலிக்குத்தான்! அவ்வளவு சுளுவா விழுந்தியே. 'பாவம், அவனுக்காக விழுந்து குடுத்துட்டான் போல'ன்னு உன்னைக் கிண்டல் பண்ணேன். நம்ம ஊர்க்காரங்க சிரிச்சாங்க. நீ என் அத்தை மவன்னு மத்த பத்து ஊருக்குத் தெரியுமா? நெசம்னு நெனச்சுக் கைதட்டிட்டாங்க. நீயும் உம்முன்னு நின்னே."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

4

அப்போது ஸெமூவுக்கு என்ன தோன்றியது என்றால்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் விட்டுவிட்டான். அங்கேயே கிடக்கட்டும்.)

தெனிங் மேலும் சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே கேலிதானா, அல்லது இவன் மனசு ஆறட்டும் என்று இப்போது கட்டிவிட்டதா? கட்டக்கூடியவள்தான். சொல்லுக்கு வால் ஒட்டுகிறவள் நடந்ததற்கும் ஒட்டுவாள்.

இங்கே இரண்டு முடிவு யோசித்தான். ஒன்றில், ஜெகான் வந்து கட்டிப்பிடிக்கிறான். (கட்டிப்பிடித்தால் ஸெமூ அவன் பிடியைத்தான் கவனிப்பான்.) மற்றதில், ஜெகான் வரவே இல்லை. அதுதான் நடக்கும் என்று நினைத்தான்.

5

ஜெகான் வந்தான். தெனிங்தான் ஆள் அனுப்பியிருக்கிறாள். சுவரில் பெயர் எழுதுகிற அன்று குதிரைவண்டியிலிருந்து இறங்கி, ஸெமூவைப் பார்க்காமல், களத்துச் சுவர் நிழலில் நின்றான். பெயிண்டர் அதற்குள் ஸெமூவின் பெயரையும் 'விழு' என்பதையும் எழுதி முடித்திருந்தான். மீதியை எழுதத் தூரிகையை நனைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தெனிங் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னாள்.

ஜெகான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தக் காளைக் கறி இன்னும் என் தொண்டையில நிக்குது. கேலின்னா கேலியை எடுத்துட்டுப் பாடு. கேக்கறேன்."

பாடினாள். குரல் உடைந்திருந்தாலும் சொல் நேராக வந்தது. வால் இல்லாமல், 'விழுந்தான்' என்று. பின்னால் நின்ற பெண்கள் வழக்கம்போல வாங்கிப் பாடினார்கள். வாலோடு.

"ஏ கழுதைங்களா! வால் வேணாம்னு சொன்னேன்ல?"

மறுபடி பாடினாள். மறுபடி வாலோடு வந்தது. அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பாடுகிறார்கள். மூன்றாம் முறை அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது தெனிங்கே வாலோடு பாடிவிட்டாள்.

ஜெகான் சிரித்தான். வயிறு குலுங்க, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"ஐயா, வாலோட எழுதவா, வால் இல்லாம எழுதவா?" என்று பெயிண்டர் கேட்டான்.

ஜெகான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக ஸெமூவைப் பார்த்தான். "அவனைக் கேளு. விழுந்தது அவன்தானே?"

எல்லாரும் ஸெமூவைப் பார்த்தார்கள்.

மாமன் மகள் சிரித்தால் அது கேலி. அதற்கு முறை இருக்கிறது. ஜெகான் சொந்தம் இல்லை. அவன் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது? மன்னித்த சிரிப்பா, அல்லது நாற்பத்திரண்டு வருடம் சேர்த்துவைத்து இன்று திருப்பிக் கொடுத்ததா? தெனிங் ஒரு சொல்லின் முதுகில் எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடுவாள். ஒரு சிரிப்புக்கு வால் ஒட்ட அவளுக்கும் தெரியாது.

பெயிண்ட் வெயிலில் காய்கிறது. 'விழு'வுக்குப் பிறகு ஒரு முழம் வெள்ளைச் சுவர் மிச்சம் இருக்கிறது. படிக்கிறவரே, பெயிண்டர் உங்களைத்தான் பார்க்கிறான். உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்.

ஸெமூ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து யாரோ "டேய் ஸெமூ!" என்று கூப்பிட்டார்கள். ஜெகானின் குரல் மாதிரிதான் இருந்தது. அந்தக் குரல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. அவன்தான் என்று எப்படி நம்புவது? ஸெமூ நடையை நிறுத்தவில்லை.